எழுதிக் கொடுத்த முழங்கால்

இடது. இடது முழங்கால். இதை மட்டும் நான் மறந்துவிடக் கூடாது. தாளில் எழுதியிருப்பது இடது, கட்டுப் போட்டிருப்பது இடது, எதிரே ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் கூடைப்பந்து லீக் அதிகாரி அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்ப்பதும் இடது. அந்தக் காலுக்கு ஒன்றுமில்லை. காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது தடவை அதன் மேல் எம்பிக் குதித்துப் பார்த்தேன், கீழ் அறைக்காரர்கள் திட்டினால் திட்டட்டும் என்று. ஒன்றுமில்லை. ஆனாலும் சாயங்காலம் நாலு மணிக்கு, கோயம்புத்தூரில், மூவாயிரம் பேர் பார்க்க, வலிக்காத காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அரங்கத்து வாசலில் ஒரு மாடி உயரத்துக்கு என் முகம். கோகிலவாணி, ஏழாம் நம்பர். உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் அந்த முகத்தைப் பார்த்துத்தான் வந்திருப்பார்கள். அந்த முகத்துக்குக் கீழே கால்கள் இல்லை, போஸ்டரில் மார்பு வரைதான் போட்டிருக்கிறார்கள். உள்ளே வரும்போது அதைக் கவனித்தேன். கவனித்திருக்க வேண்டாம். ஏன் கால்களை வெட்டினார்கள்? இடம் போதாமல்தான், வேறு என்ன. பதினோரு நாளில் ஆறு ஆட்டம் முடிந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி, இன்றைக்கு எதிரே நிற்பது பட்டியலில் கடைசியாக இருக்கும் அணி. பயிற்சியாளர் ரெஜினால்டு சார் கணக்காகத்தான் சொன்னார், "உன்ன இன்னிக்கு உக்கார வைக்கிறது உனக்காகத்தாம்மா. ஞாயித்துக்கிழமை எனக்கு முழு கோகிலா வேணும்." முழு கோகிலா. அப்படியானால் இப்போது இருப்பது எவ்வளவு? கேட்கவில்லை. பயிற்சியாளர்களிடம் அப்படியெல்லாம் கேட்க முடியாது. ஆனால் லீக்கில் ஒரு விதி இருக்கிறது: உடம்புக்கு ஒன்றுமில்லாத பெரிய ஆட்டக்காரியை டிவியில் வரும் ஆட்டத்தில் சும்மா உட்கார வைக்கக் கூடாது. வைத்தால் அணிக்கு இரண்டு புள்ளி வெட்டு. இரண்டு புள்ளி போனால் அரையிறுதியே இல்லை. அதனால் எல்லா அணிகளும் செய்வதை நாங்களும் செய்தோம். ஒரு நோயை எழுதிக் கொடுத்தோம்.

எழுதியது மும்தாஜ். எங்கள் ஃபிசியோ. வாணியம்பாடிக்காரி, எப்போதும் வாயில் ஏலக்காய். காலையில் மேசை மேல் என்னைப் படுக்கப் போட்டு இரண்டு முழங்காலையும் வழக்கம்போல அழுத்திப் பார்த்தாள். வலது காலில் ஒரு இடத்தில் கட்டை விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. "இங்க ஏதாச்சும் இருக்கா?" இல்லை என்றேன். "இல்லன்னா சந்தோஷம். சரி, சும்மா ஒரு காலு சொல்லு, எதுல போடட்டும்?" அவள் கேட்டு முடிப்பதற்குள் இடது என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். "என்னடி, கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்ட மாதிரி டக்குனு சொல்ற." தாளில் எழுதினாள்: இடது முழங்கால், வீக்கம், வலி, ஒரு ஆட்டம் ஓய்வு. கையெழுத்துப் போட்டாள். பேனா முனை தாளில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. எழுத்துக்குச் சத்தம் உண்டு என்பது பயப்படுகிறவர்களுக்குத்தான் தெரியும். பிறகு தோல் நிறத்தில் இருக்கும் ஒட்டுப் பட்டையை எடுத்துச் சுற்றச் சுற்ற, வேண்டாம் மும்தாஜ், வேறே ஏதாவது எழுது, வயிற்றுவலி, காய்ச்சல், என்னவாவது, கால் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முப்பத்தோரு வயதில், வாசலில் ஒரு மாடி உயரத்துக்கு முகம் இருக்கிறவள், வாய் முகூர்த்தத்துக்குப் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது? இல்லாத நோயைச் சொல்லாதே, அது கேட்டுக்கொண்டே இருக்கும், கூப்பிட்டதும் வந்துவிடும். அம்மா சொல்வாள். அன்றும் சொன்னாள். அதை இப்போது நினைக்க வேண்டாம். ஆட்டத்தைப் பார்.

விசில். பந்து மேலே போகிறது. என் இடத்தில் ஜெனிஷா நிற்கிறாள், இருபது வயது, நாகர்கோவில். உள்ளே போகும் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எக்கா, எனக்குப் பேடியா இருக்கு, கையி ஐஸா இருக்கு பாருங்க" என்றாள். பேடி என்றால் அவள் ஊரில் பயம். அவளுடைய கை சூடாகத்தான் இருந்தது. என்னுடையதுதான் சில்லென்றிருந்தது. "ஒண்ணும் ஆகாது போ" என்றேன். இதை யார் யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. பந்து அவள் கைக்கு வருகிறது, போகிறது, வருகிறது, மரத் தரையில் ஷூக்கள் கீச்சிடுகின்றன, ஒவ்வொரு கீச்சுக்கும் என் இடுப்பில் ஏதோ ஒன்று எழுந்து உட்காருகிறது. உட்கார்ந்து ஆட்டம் பார்க்க எனக்குத் தெரியாது. ஆடும்போது பயம் பின்னால் ஓடி வரும், திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. இங்கே அது பக்கத்து நாற்காலியில் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. வலது காலை நீட்டி வைத்துக்கொள்கிறேன், எப்போதும் அப்படித்தான் உட்காருவேன். இடது காலை மடக்கினால் பட்டை இழுக்கிறது. பட்டைக்கு அடியில் கொஞ்சம் சூடு. சூடா? இருக்கும், ஒட்டுப் பட்டை போட்டால் சூடாகத்தான் இருக்கும். சூடு என்பது வீக்கத்தின் முதல் படி. இல்லை, சூடு என்பது பட்டையின் குணம். இன்று மதியம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுகூட இடது காலைத்தான் முதலில் வைத்து இறங்கினேன், நன்றாக இறங்கினேன். இந்த ஒரு மாதமாக இறங்கும்போதெல்லாம் இடதுதான் முதலில். ராசி. ஆட்டக்காரர்களுக்கு ஆயிரம் ராசி. ஒருத்தி இடது ஷூவை முதலில் போடுவாள், ஒருத்தி ஆட்டத்தன்று தலைக்குக் குளிக்க மாட்டாள். எனக்கு இது. ராத்திரி வலது காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவதும் அதுபோலத்தான், பழக்கம். ஜெனிஷா எம்புகிறாள், பந்து வளையத்தைத் தொடாமல் வலையில் இறங்குகிறது. அந்த ஓசை, பட்டுப்புடவையை ஒரே உதறாக உதறுகிற மாதிரி. அரங்கம் கத்துகிறது. நானும் கை தட்டுகிறேன். கொஞ்சம் தாமதமாகத் தட்டினேனோ?

எங்கள் வீடு கரூரில். அப்பா பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்ட் அடிப்பவர். துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, நாள் முழுக்க வண்ணப் புகைக்குள் நிற்பார். அன்றன்றைக்கு எந்த வண்டிக்கு எந்த நிறமோ அந்த நிறத்தில் இருமுவார். அது எங்கள் வீட்டில் விளையாட்டு. சாயங்காலம் வந்து துண்டில் இருமிவிட்டு விரித்துக் காட்டுவார், "என்ன வண்டி சொல்லு கண்ணு?" மஞ்சள் என்றால் பள்ளிக்கூட வண்டி, நீலம் என்றால் சேலம் போகிற வண்டி. நான் கை கொட்டிச் சிரிப்பேன். ஒன்பதாவது படிக்கும்போது திண்டுக்கல்லில் போட்டி. எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்ப மாட்டார்கள், மூன்று நாள் லீவுக்கு என்ன காரணம் எழுதுவது என்று நான் அழுதுகொண்டிருந்தேன். அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். "எம்மேலயே எழுதறேன் கண்ணு. அப்பனுக்கு ஒடம்பு செரியில்ல, புள்ள கூட இருந்து பாத்துக்கோணும். அவ்வளவுதானே?" சமையல் கட்டிலிருந்து அம்மா ஓடி வந்தாள். "ஏனுங்க, வேற எதையாச்சும் எழுதுங்க. வாய் முகூர்த்தம்னு ஒண்ணு இருக்குதுங்க." அப்பா சிரித்தார், இருமினார், "எருமைக்கு என்னடி ஆகப் போவுது" என்றார். அன்றைக்கு அவர் அடித்துவிட்டு வந்தது ஒரு காலேஜ் வண்டி, வெள்ளை. துண்டை விரித்துக் காட்டவில்லை. உள்பக்கமாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். எனக்கு அவசரம், கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். திண்டுக்கல்லில் எனக்குத்தான் சிறந்த ஆட்டக்காரி கோப்பை. எட்டு மாதத்தில் அப்பா இல்லை. கடிதத்தில் எழுதிய மாதிரியே உடம்பு சரியில்லாமல் போய், எழுதிய மாதிரியே நான் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். அம்மா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், பதினேழு வருஷத்தில் பேசித் தீர்ந்திருக்கும். சொல்லாத சொல்தான் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கதவு தெரியாத குருவி மாதிரி. கோப்பையை அம்மா பரணில் போட்டுவிட்டாள். நான் இறக்கச் சொன்னதில்லை.

இரண்டாவது பத்து நிமிஷம். ஜெனிஷாவுக்குப் பதினாறு புள்ளி. நான் இருந்தால் பதினெட்டு போட்டிருப்பேன். இருபத்தி இரண்டுகூட. இல்லை, போன வாரம் பதினொன்று போட்டேன். அதற்கு முந்திய ஆட்டத்தில் ஒன்பது. அதனால்தான் ஓய்வா? முழு கோகிலா வேண்டும் என்றது அதனால்தானா? போன வருஷம் ஷைலஜாவுக்கும் இப்படித்தான் ஒரு ஆட்டம் ஓய்வு கொடுத்தார்கள், நல்லவிதமாக, தோளில் கை போட்டுக்கொண்டு. ஒரு ஆட்டம் இரண்டானது, இரண்டு ஐந்தானது, இப்போது அவள் ஏதோ பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். இறந்தவர்களுக்கு வைப்பது மாதிரி அவள் படத்தை அணியின் பழைய படங்களோடு மாட்டிவிட்டார்கள். இடது முழங்கால் இப்போது நிச்சயமாக வலிக்கிறது. உள்ளே, முட்டிக் கிண்ணத்துக்கு அடியில், யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி. பட்டைக்கு மேலே கையை வைத்துப் பார்க்கிறேன். லீக் அதிகாரி பார்க்கிறார். கையை எடுக்க வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா? வலிக்கிறவள் கையை வைத்திருப்பாள். வலிக்காதவளும் வலிக்கிறதா என்று பார்க்க வைத்திருப்பாள். எனக்கு எது என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் எதையோ குறித்துக்கொள்கிறார்.

அப்போதுதான் பின்னால் கேலரியிலிருந்து அந்தக் குரல் விழுந்தது. "ஏனுங் கோகிலா! முட்டி வலின்னா வூட்டுலயே படுத்திருக்கலாமில்ல? நாங்க ஏன் பஸ் ஏறி வரோணும்?" சிரிப்பு. திரும்பினேன். மூன்றாவது வரிசையில் ஏழெட்டுப் பெண்கள், எல்லோரும் ஒரே மாதிரி மஞ்சள் டீ-ஷர்ட், முதுகில் என் நம்பர், அவர்களே தைத்திருப்பார்கள் போல, ஏழு கொஞ்சம் சாய்ந்திருந்தது. கத்தியவளுக்கு என் வயதுதான் இருக்கும், பெரிய பொட்டு, கையில் முறுக்குப் பொட்டலம். "திருப்பூருங்க! பனியன் கம்பெனி! ஒருநாள் லீவு குடுக்க மாட்டேன்னுட்டான் சூப்பர்வைசரு. மாமியாருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில போட்டிருக்குதுன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறேன், உங்களப் பாக்க! நீங்க இங்க சட்டமா உக்காந்திருக்கறீங்க!" அரங்கமே கேட்கிற மாதிரி சொன்னாள். எழுந்து, வேண்டாம், அப்படிச் சொல்லாதீர்கள், திரும்பிப் போய் அந்த சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், எட்டு மாதம்தான் ஆகும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. என் முகத்தைப் பார்த்து அவள் வேறு விதமாகப் புரிந்துகொண்டாள். "அட, பயப்படாதீங்க! மாமியா ஒண்ணும் சாகல, இதா பக்கத்துலதான் உக்காந்திருக்குது!" பக்கத்தில் ஒடிசலாக ஒரு அம்மாள், மஞ்சள் டீ-ஷர்ட்டைப் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, முறுக்கைக் கடித்தபடி எனக்குக் கையை ஆட்டினாள். "நாந்தாஞ் சொன்னனுங்க, எம்மேலயே சொல்லிக்கன்னு. நெஞ்சுவலி எனக்கு எங்க வருது, இவ போடற சத்தத்துக்குக் காதுவலி வேணா வரும்!" மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எம்மேலயே. அதே சொல், அதே சிரிப்பு. அந்த அம்மாள் முறுக்கை எந்தப் பக்கப் பல்லால் கடிக்கிறாள், மூச்சு எப்படி வாங்குகிறாள், கையை மார்பில் வைக்கிறாளா என்று, அதற்குப் பிறகு ஆட்டத்தைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தேன். வைக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தாள். முறுக்கு தீர்ந்ததும் மருமகள் பொட்டலத்திலிருந்தே எடுத்துத் தின்றாள். சிலரிடம் வாய் முகூர்த்தம் பலிப்பதில்லையோ? பொய்யும் ஆள் பார்த்துத்தான் வருமோ? அப்படியானால் எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தது?

மூன்றாவது பத்து நிமிஷம் எப்படிப் போனது என்று தெரியாது. நாலாவதில் அரங்கத்தின் உயரத்துச் சன்னல் வழியாக வெயில் சாய்ந்து, தரையில் ஒரு நீளமான துண்டாக விழுந்தது. ஓடுகிறவர்கள் அதை மிதித்து மிதித்து ஓடினார்கள், அது அழுக்காகவில்லை. டைம் அவுட்டில் ரெஜினால்டு சார் குனிந்து என் காதில், "பதினாலு புள்ளி முன்னாடி இருக்கோம், ஜெயிச்சாச்சு. கடைசியில கை குலுக்கப் போறப்ப கொஞ்சம் சாய்ஞ்சு நட. அந்த ஆளு உன்னயேதான் பாத்துட்டு இருக்கான். ஓவரா பண்ணாத, கொஞ்சம்" என்றார். கொஞ்சம் நொண்ட வேண்டும். எழுதிய பொய், கட்டிய பொய், இனி நடக்கிற பொய். நடந்து காட்டிவிட்டால் அப்புறம் பொய்க்கு என்ன பாக்கி இருக்கிறது, மெய்யாவதைத் தவிர? ஞாயிற்றுக்கிழமை வரை மூன்று நாள் இருக்கிறது. மூன்று நாளும் இந்தக் காலை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொள்கிறேன். கூடைப்பந்து இல்லாத கோகிலவாணி எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது, அப்படி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. அப்பா போன அன்று மத்தியானம்கூட, வீடு நிறைய ஆட்கள் இருக்க, பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய் ஒரு மணி நேரம் பந்து போட்டேன். அதைப் பார்த்தவர்கள் என்னென்னவோ பேசினார்கள். பந்து தரையில் பட்டுத் திரும்பிக் கைக்கு வந்தது. அன்றைக்குத் திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

கடைசி மணி. ஜெயித்தோம். ஜெனிஷாவை நடுவில் போட்டு எல்லோரும் தலையைத் தடவுகிறார்கள், அவள் என்னைத் தேடி, "எக்கா, எப்படியிருந்து?" என்று கேட்கிறாள். "நல்லா இருந்துச்சுடி" என்றேன். உண்மையாகவே நன்றாக ஆடினாள். எழுந்தேன். நாற்பது நிமிஷ ஆட்டம் என்பார்கள், உட்கார்ந்தது இரண்டு மணி நேரம். வரிசையில் சேர்ந்து, சாய்ந்து நடந்தேன். கை, கை, கை, நன்றாக ஆடினீர்கள், சீக்கிரம் குணமாகட்டும். நடிப்பு எனக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று நினைக்கவில்லை, நினைக்காமலே கால் நொண்டியது, உடம்பு தானாகச் சாய்ந்து தானாக நிமிர்ந்தது. லீக் அதிகாரி எழுந்து நின்று பார்த்தார். பார்க்கட்டும். இடது முழங்காலில் சுண்டல் இல்லை, சூடு இல்லை, அதுவும் நின்றுபோயிருந்தது. எவ்வளவு லேசாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்! பொய் பலிக்கவில்லை. நான் தப்பித்துவிட்டேன். கேலரிக் கம்பி ஓரமாகத் திருப்பூர்ப் பெண்கள் செல்போனை நீட்டிக்கொண்டு கூப்பிட்டார்கள், போனேன், அவர்கள் லீவு போட்டு வந்தவர்கள், போகாமல் எப்படி. கம்பிக்கு மேலே அந்த மாமியார் குனிந்து என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங் கண்ணு," என்றாள், "கட்டு இந்தக் கால்ல இருக்குது. நீங்க அந்தக் காலையில்ல நொண்டறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் அத்தையின் தோளில் அடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அடக் கடவுளே, இடதை மறந்துவிட்டேனே, காலையிலிருந்து மறக்கக் கூடாது, மறக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேனே. அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறார், பரவாயில்லை, இனிமேல் மாற்றிக்கொள்ளலாம், இடது காலை நொண்ட வேண்டும், அவ்வளவுதான். இடது காலை நொண்ட வேண்டும் என்றால் பாரத்தை வலது காலில் வைக்க வேண்டும். வைத்தேன். வலது கால் வாங்கவில்லை. மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைத்து வைத்த கால் மாதிரி அது உள்ளே போனது, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை வைத்தேன். மும்தாஜ் கட்டை விரல் வைத்து எடுக்காமல் இருந்த அதே இடம். ஒரு மாதமாகப் பஸ்ஸில் முதலில் இறங்காத கால். தலையணை கேட்ட கால். நான் நடிக்கவில்லை. நடந்தேன், அவ்வளவுதான், இவ்வளவு நாள் எல்லோருக்கும் மறைத்து, எனக்கும் மறைத்து நடந்த நடையை முதல் தடவையாக ஒளிக்காமல் நடந்திருக்கிறேன். இடது இடது என்று எழுதிக் கொடுத்து, இடது வலிக்குமோ என்று பயந்து, அந்தப் பயத்துக்குப் பின்னால் வலதை உட்கார வைத்திருந்தேன். வெள்ளை வண்டி. அன்றைக்கு அப்பா அடித்தது வெள்ளை வண்டி. வெள்ளையைத் துண்டில் மறைக்க என்ன இருக்கிறது? சிவப்பாக இருந்தால்தானே மறைக்க வேண்டும். எம்மேலயே எழுதறேன் என்றபோது அவர் எதையும் கூப்பிடவில்லை. அது ஏற்கெனவே வந்து மடிந்து இடுப்பில் இருந்தது. பதினேழு வருஷமாக அந்தத் துண்டை நான் விரித்துப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். கம்பி மேல் இருந்த என் கைமேல் தன் கையை வைத்தாள், முறுக்கு எண்ணெய் பிசுபிசுக்கும் கை. முதுகுக்குப் பின்னால் லீக் அதிகாரி மைதானத்தைக் கடந்து வரும் செருப்புச் சத்தம் நெருங்கியது. "நெசமா எந்தக் காலு கண்ணு?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. வாய் திறக்கப் பயமாக இருந்தது, அவ்வளவு பயம் என் ஆயுளில் பட்டதில்லை.

"வலதுங்கம்மா" என்றேன்.